பின்சுவர் டீச்சர்

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் பின்சுவர் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர். அலுவலக ஏட்டில் அவள் 'வகுப்பறை உதவியாளர், மூன்றாம் வகுப்பு, இருமொழிப் பிரிவு'. அந்த ஏட்டை எழுதுகிறவள் நான். பள்ளியில் நான் எழுத்தர், வீட்டில் அவளுக்கு நாத்தனார். பகலெல்லாம் அவள் விடுப்பு விண்ணப்பத்துக்கு முத்திரை குத்திவிட்டு, சாயங்காலம் அவள் வைத்த குழம்பில் உப்பில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டையும் நான் குறைவில்லாமல் செய்து வந்தேன்.

எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் நாங்கள் குடியேறிய நாட்டின் மொழியில். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்துவிட்டு, பள்ளி மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு ஓர் இருமொழிப் பிரிவு உண்டு. கணக்கையும் அறிவியலையும் இரண்டு மொழியிலும் சொல்லிக் கொடுத்து மெல்லக் கரையேற்ற வேண்டும். அதற்கு இரண்டு மொழியும் தெரிந்த, உரிமம் பெற்ற ஆசிரியர் வேண்டும். வந்தது வினை. உரிமம் உள்ளவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த என் அண்ணியிடம் உரிமம் கிடையாது. உரிமத் தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் இரண்டே மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள் அவள். விளையாட்டுத் திடலில் கொட்டும் மணலின் வகைகளைக் கேட்டிருந்தார்களாம். ஏழு வயதுப் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று ஒரு கேள்வியும் இல்லையாம்.

விதிப்புத்தகத்தில் எழுதியிருந்தது இதுதான்: உரிமம் பெற்ற ஒருவர் வகுப்பறையில் இருந்தே ஆக வேண்டும், உரிமம் இல்லாதவர் கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்தக் கூடாது. எங்கள் தலைமையாசிரியை அதைப் பன்னிரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பக்கச் சுவத்தைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையே!"

அன்றிலிருந்து இப்படித்தான் நடந்தது. காலையில் உரிமம் உள்ளவர் பலகைப் பக்கம் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பார். அது முடிந்ததும் பின்சுவரை ஒட்டி நிற்கும் அண்ணி, "வணக்கம் பிள்ளைகளா!" என்பாள். உடனே இருபத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, மேசைக்கு அந்தப் பக்கம் போட்டு, பலகைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அரை நிமிஷம் ஆகும். பின்சுவர் முழுக்க அட்டைகளும் படங்களும். பாடம் அங்கேதான். இப்படிப் பதினோரு வருஷம்.

உரிமத்துக்காக வந்து உட்கார்ந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதலில் ஒரு பாட்டு டீச்சர், இரண்டு வருஷத்தில் ஏழு ஸ்வெட்டர் பின்னி முடித்தார். அடுத்து நூலகர் மூன்று வருஷம் நன்றாகத் தூங்கினார். அதற்கப்புறம் வந்தவர்தான் பி.டி. மாஸ்டர். ஆறடி ஆள், கழுத்தில் விசில், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆறு வருஷமாகப் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, பிள்ளைகளோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழுக்கு வயது எட்டு. அலுவலகத்துக்கு வந்தால் என்னிடம் இப்படித்தான் பேசுவார்: "காப்பி மெஷின் எனக்கு அழகு காட்டுது." இன்னொரு நாள், "தலைமையாசிரியை என்னோட காய் விட்டுட்டாங்க. நான் ஒண்ணுமே பண்ணல."

அந்தப் பி.டி. மாஸ்டருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. அவருக்குப் பதில் அந்த அறையில் வந்து உட்கார உரிமம் உள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை. தலைமையாசிரியை அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வருஷக் கடைசியோடு பிரிவை மூட வேண்டியதுதான், பிள்ளைகளைப் பிரித்து மற்ற வகுப்புகளில் போட்டுவிடலாம், அண்ணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை துடைக்கும் வேலை காலியாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணி சமையலறையில் ஒரே வாணலியை மூன்று தடவை தேய்த்தாள். அண்ணன் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன். எதையும் திருப்புளியால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். "மேசை துடைக்கிறதுன்னா நிம்மதிதானே, தொண்டை வலிக்காதே" என்று ஆறுதல் சொன்னான். அண்ணி வாணலியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு அந்தக் கிளாஸ் வேணுங்க. வேற எதுவும் வேணாம். அந்த முன்பல் இல்லாத பொண்ணு வந்து நாலு மாசம் வாயைத் திறக்கல. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு. அதைக் கொண்டுபோய் வேற கிளாஸ்ல உக்கார வெச்சா திரும்பவும் வாயை மூடிக்கும்."

அண்ணன் வாணலியை வாங்கித் துடைத்தான். எனக்கும் ஏதாவது ஆறுதல் சொல்லத் தோன்றியது. ஆனாலும் நாத்தனார் என்று ஒரு பதவி இருக்கிறதே. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்றே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. இருமொழி ஆசிரியர்கள் கிடைக்காத காரணத்தால் உரிம விதிகள் தளர்த்தப்படுகின்றன. பத்து வருஷம் வகுப்பில் கற்பித்த உதவியாளர்கள் தேர்வு எழுத வேண்டாம். ஓர் அதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு உரிமம் தருவார். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று நடைபாதையில் கிடந்ததுகூடத் தெரியாமல் அண்ணியிடம் ஓடினேன். அவள் சிரித்தாள், அழுதாள், பிறகு நான் போட்டுவிட்டு வந்த செருப்பை அவளே போய் எடுத்து வந்தாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மீதியைப் படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. நான்காவது நிபந்தனை: 'கற்பித்த அனுபவத்துக்குச் சான்று, பள்ளியின் ஆண்டறிக்கை.'

அந்த ஆண்டறிக்கையை எழுதியவள் நான். அதில் 'உதவியாளர் செய்த பணிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் வருஷம் நான் பேனாவை எடுத்தபோது தலைமையாசிரியை என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். "பாடம் நடத்தினார்னு எழுதித் தொலைச்சிடாதம்மா. நாம மூணு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்." அதனால் 'பென்சில் சீவினார்' என்று எழுதினேன். இரண்டாம் வருஷம் 'பென்சில் சீவினார், சன்னல்களைத் திறந்தார்'. மூன்றாம் வருஷம் ஒரு மாறுதலுக்கு 'சன்னல்களை மூடினார்'. ஏழாம் வருஷம் 'உதிர்ந்த பொத்தான்களைச் சேகரித்தார்'. ஒன்பதிலிருந்து அலுப்புத் தட்டி 'மேற்படி' என்று போட்டுவிட்டேன். அரசாங்கத்தைப் பொறுத்தவரை என் அண்ணி பதினோரு வருஷமாகப் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அண்ணியிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் நன்றாக நடந்துவிட்டால் அதிகாரி கோப்பைப் புரட்டமாட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதோடு இன்னொரு கூத்து. துறையில் தமிழ் தெரிந்த அதிகாரிக்கும் தட்டுப்பாடாம். பள்ளியில் மொழி தெரிந்த ஊழியர் ஒருவர் அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கலாம், ஆனால் அவர் விண்ணப்பதாரருக்கு ரத்த உறவாக இருக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. எங்கள் பள்ளியில் அப்படி நான் ஒருத்திதான். நாத்தனார் ரத்த உறவில்லையே! தைரியமாகக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ரத்தக் கொதிப்பு மட்டும்தான், அதைப் படிவத்தில் கேட்கவில்லை.

அதிகாரி முன்னால் விதிப்படி எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொன்னார். சோதனைப் பாடத்தை அண்ணி கரும்பலகை முன்னால் நின்றுதான் நடத்த வேண்டும். அதற்குச் சுற்றறிக்கையே அனுமதி கொடுத்திருந்தது. அண்ணிக்குப் பலகையே புதுசு. அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு பழைய குளிர்பெட்டியின் கதவைக் கழற்றி வந்து கூடத்தில் சாத்தி வைத்தான். அண்ணி அதில் எழுதிப் பழகினாள். அண்ணனும் நானும் பிள்ளைகள்.

"உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு எழுத வேண்டியிருக்கே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

"எனக்கு நிம்மதியா இருக்கு" என்றான் அண்ணன். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனான்.

இப்படி இரண்டு வாரம் ஒத்திகை. தலைமையாசிரியைக்கு எங்கே நிற்பது என்று சொன்னோம். பி.டி. மாஸ்டருக்கு விசில் ஊதக் கூடாது என்று சொன்னோம். கூட்டுகிறவரிடம் அன்றைக்கு அந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொன்னோம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி வந்தார். குள்ளமான மனிதர், தடித்த அடிப்பாகம் வைத்த சப்பாத்து, மீசை கச்சிதம். பாடத்தைப் பார்வையிடுகிறவர் பின்னால் உட்கார வேண்டும் என்பது வழக்கம். பின்சுவரை ஒட்டி அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பி.டி. மாஸ்டர் ஓரத்தில் இருந்தார். அண்ணி நல்ல புடவை கட்டி, கையில் சுண்ணக்கட்டியோடு பலகை முன்னால் போய் நின்றாள். அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"வணக்கம் பிள்ளைகளா!"

இருபத்து மூன்று பிள்ளைகளும் எழுந்தார்கள். இருபத்து மூன்று நாற்காலிகள் தூக்கப்பட்டன. அரை நிமிஷத்தில் வகுப்பு மொத்தமும் அண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை கட்டி, அதிகாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

தலைமையாசிரியை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி பிள்ளைகளைப் பார்த்தார், பிள்ளைகள் அதிகாரியைப் பார்த்தார்கள். முன்பல் இல்லாத பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நீங்க ஏன் எங்க டீச்சர் இடத்துல உக்காந்திருக்கீங்க?"

நாலு மாசம் வாயைத் திறக்காத பிள்ளைக்கு இன்றைக்குத்தானா இந்தச் சந்தேகம் வர வேண்டும்?

"என்ன கேட்கிறாள்?" என்றார் அதிகாரி பள்ளி மொழியில்.

அதை மொழிபெயர்த்தால் பின்சுவர் சங்கதி முழுக்க வெளியே வந்துவிடும். நான் கூசாமல் பள்ளி மொழியில் ஒரு பொய்யை எடுத்து விட்டேன். "உக்கார வசதியா இருக்கான்னு கேக்கிறா சார்."

அதிகாரி மலர்ந்துபோனார். அதற்குள் ஓரத்திலிருந்து பி.டி. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். தனக்குத் தெரிந்த தமிழைத் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "இல்லை, இல்லை! டீச்சர் இடத்தில் ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்கிறாள்" என்று அதிகாரியிடம் பள்ளி மொழியில் திருத்திவிட்டு, என் பக்கம் திரும்பிப் பெருமையாகத் தமிழில் சொன்னார்: "நீங்க பொய் சொல்றீங்க. நான் சொல்லிக் குடுத்துட்டேன்."

அந்த ஆறடி மனிதரை அப்போதே சன்னல் வழியாக வெளியே தள்ளியிருப்பேன். தூக்க முடியாது என்பதால் விட்டேன்.

அதற்குமேல் அண்ணியால் பலகையோடு நிற்க முடியவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். மேசைகளுக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்து பின்சுவருக்கு வந்தாள். வந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. "இன்னைக்கு அளக்கிறது. சாரையே அளப்போமா?" என்று தமிழில் கேட்டாள், அதையே பள்ளி மொழியிலும் கேட்டாள். வகுப்பு இரண்டு மொழியிலும் கூச்சல் போட்டது.

அதிகாரியிடம் அவர் உயரத்தைக் கேட்டார்கள். நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றார். சுவரில் காகிதத்தை ஒட்டி அவரைச் சாய்த்து நிறுத்தினார்கள். "சப்பாத்தைக் கழட்டணும் சார், இல்லன்னா ஏமாத்து" என்றான் ஒருவன். மொழிபெயர்க்க எனக்குத் தயக்கம், பி.டி. மாஸ்டர் இருக்கும்போது தயங்கி என்ன ஆகப்போகிறது? சொன்னேன். மனிதர் கழற்றினார். ஒரு காலுறை நீலம், இன்னொன்று கறுப்பு. அதற்கும் இரண்டு மொழியிலும் பெயர் சொன்னார்கள்.

அடிக்கோலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்தார்கள். ஒரு குழுவுக்கு நூற்று அறுபத்தாறு வந்தது, இன்னொன்றுக்கு நூற்று அறுபத்து மூன்று. ஒரே மனிதர் எப்படி இரண்டு உயரமாக இருப்பார் என்று அண்ணி கேட்டாள். ஒரு பிள்ளை தமிழில் காரணம் சொன்னால் பக்கத்துப் பிள்ளை அதைப் பள்ளி மொழியில் சொல்ல வேண்டும், முட்டினால் அண்ணி ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். கடைசியில் முன்பல் இல்லாத பெண்தான் கண்டுபிடித்தாள்: அடிக்கோலின் விளிம்பும் சைபர் கோடும் ஒன்றில்லை, விளிம்பிலிருந்து ஆரம்பித்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளத்தைத் தின்றுவிட்டார்கள். தமிழில் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலேயே பள்ளி மொழியிலும் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். அண்ணி சட்டென்று முகத்தைத் திருப்பி அட்டை ஒன்றைச் சரிசெய்தாள்.

"நூற்று அறுபத்தாறா!" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "என் அடையாள அட்டையில் தப்பாக இருக்கிறதே!"

பாடம் முடிந்ததும் எல்லோரும் தலைமையாசிரியை அறைக்குப் போனோம். அதிகாரி சப்பாத்தை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தார். நான் கும்பிடாத தெய்வமில்லை. பதினோரு அறிக்கைகளையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

"பென்சில் சீவினார். சன்னல் திறந்தார். பொத்தான் சேகரித்தார்." தலையைத் தூக்கினார். "கற்பித்தார் என்று ஓர் இடத்திலும் இல்லை. ஆனால் ஒரு வணக்கத்துக்கு இருபத்து மூன்று நாற்காலி திரும்புகிறது. அது ஒரு நாளில் வருகிற பழக்கமில்லை. ஒன்று இந்த அறிக்கை பொய், இல்லை நான் பார்த்தது பொய். எது?"

தலைமையாசிரியை சன்னலைப் பார்த்தார். பி.டி. மாஸ்டர், "நான் எதுவும் நடத்தவில்லை ஐயா, ஆறு வருஷமாக மூன்றாம் வகுப்பு படித்தேன்" என்றார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் விஷயம் அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவள் வகுப்பு போய்விடும். முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்த என் மூளை அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது.

"அறிக்கை பொய் சார். எழுதினது நான். இவங்க ஒரு பென்சில்கூடச் சீவினதில்லை. பதினோரு வருஷத்தில் இருநூத்துச் சொச்சம் பிள்ளைங்களுக்குப் பள்ளி மொழி கொடுத்திருக்காங்க. புதுசா ஒரு பிள்ளை வந்தா, அது பேசுற வரைக்கும் பக்கத்துல உக்காந்து தானும் பேசாம இருப்பாங்க. தினமும் ராத்திரி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில அட்டை வெட்டுவாங்க, அதனால நாங்க தட்டை மடியில வெச்சுத்தான் சாப்பிடுவோம். இதையெல்லாம் எழுத அந்தக் கட்டத்துல எனக்குத் தைரியம் வரல."

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வயதுத் தமிழ்க்காரர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். அதிகாரி என்னிடம் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பொய்யறிக்கைக்காக எனக்கும் தலைமையாசிரியைக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றும் சொன்னார். உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மேலே அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் குழம்பை ஊற்றும்போது வெடித்தாள்.

"பென்சிலா சீவினேன் நான்? ஆபீசரம்மாவுக்கு வேற வேலையே கிடைக்கலையா எனக்குக் குடுக்க? பொத்தானாம் பொத்தான்!" கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "நீ இதெல்லாம் கவனிச்சுட்டா இருந்தே? நீ என் சமையலைத்தான் கவனிக்கிறேன்னு நினைச்சேன்."

"ரெண்டையும்தான் அண்ணி" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் பத்தே நாளில் வந்தது. அந்த மாதிரிக் கடிதத்துக்கு மட்டும் துறையில் தட்டுப்பாடே கிடையாது. அண்ணியின் கடிதம் ஆறு வாரம் இழுத்தது. அதுவரை அவள் பழையபடி பின்சுவரிலேயே நின்றாள். ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்துக்கு என்னைப் பார்க்காத மாதிரி என் மேசையைக் கடந்து போவாள்.

ஒரு நாள் முற்பகல் வந்தது. உறையைக் கிழித்தேன். முழு உரிமம். ஒரு வருஷமில்லை, தற்காலிகமில்லை, முழு உரிமம். நான் மேசை, தொலைபேசி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தட்டவில்லை, படாரென்று திறந்து, "அண்ணி!" என்று கத்தினேன்.

அந்த முன்பல் இல்லாத பெண் எழுந்து நின்று பள்ளி மொழியில் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கத்தலில் பாதியில் நின்றுவிட்டது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டே எட்டில் வந்து என் தோளைப் பிடித்தாள்.

"பாடம் நடக்குதில்ல? வெளிய இரு. மணி அடிச்சதும் வா."

கதவு என் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது. உள்ளே அவள் குரல் கேட்டது: "நீ சொல்லும்மா. விட்ட இடத்துல இருந்து சொல்லு."

பதினோரு வருஷமாக அந்த அறைக்குள் நான், தலைமையாசிரியை, கூட்டுகிறவர், யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் நுழைவோம். யாரையும் வெளியே நிற்கச் சொல்ல அவளுக்கு வாய் எழுந்ததில்லை. நான் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றேன். மணி அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நான் நகரவில்லை. டீச்சர் வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறாள்.